அழிந்த படம் திரும்புமா?

வரைபடத்தில் ஒரு கோடு பிசகினால் கட்டடத்தில் ஒரு சுவரே பிசகும். 1982-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆட்டோகாட்' என்னும் வரைபட மென்பொருள் இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. படத்தைச் சேமிக்கும்போதெல்லாம், முந்தைய படம் பெயரின் முடிவில் 'பி.ஏ.கே.' என்ற வாலுடன் அருகிலேயே தங்கிவிடுகிறது. அந்த வாலை 'டி.டபிள்யூ.ஜி.' என்று மாற்றினால் போதும். பழைய படம் உயிர் பெற்றுவிடும்!

ஆனால் அது ஒரே தலைமுறைக் காவல்தான். பிசகிய படத்தை இரண்டு முறை சேமித்துவிட்டால் நல்ல படம் போனது போனதுதான். டிஸ்க் பழுதானாலோ இரண்டும் ஒன்றாக மறையும்.

ஆகவே அனுபவசாலிகள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்ணும் தேதியும் இட்டுத் தனிப் பிரதி வைக்கிறார்கள். இன்னொரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கும். மேஸ்திரி கையிலுள்ள தாளிலும் அதே எண் இருக்கவேண்டும். இல்லையேல், கட்டிய சுவரை இடிக்கும் செலவு யார் தலையில்?