256-க்கு ஒரு முறை

அக்டோபர் 1, 2023 நெருங்க நெருங்கக் கடிதங்கள் குவிந்தன. அன்றிலிருந்து இந்தியாவில் ஆபத்து அதிகமான சி, டி வகுப்பு மருத்துவக் கருவிகளுக்கும் லைசென்ஸ் கட்டாயம். அமிர்தியிலிருந்து ஒரு வாசகர் கேட்டார்: "அம்மாவுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேலூருக்குப் போய் வருகிறோம். லைசென்ஸ் வந்துவிட்டால் மெஷினுக்குள் இருக்கிற புரோகிராம் தப்பே செய்யாதா?"

அப்படி இல்லை. 'சரிபார்க்கப்பட்ட மென்பொருள்' என்று எங்கேயாவது படித்தால், கம்பெனி தானே சோதித்துத் தானே எழுதிய ஆவணம் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் செய்த தெரக்-25 கதிர்வீச்சு மெஷின், 1985 முதல் 1987 வரை ஆறு பேர்மீது அளவுக்கு மிஞ்சிக் கதிரைப் பாய்ச்சியது. கடைசி விபத்து அமெரிக்காவின் யாக்கிமாவில். உள்ளே ஒரு எண் இருந்தது. அது பூஜ்யமாக இருந்தால், கதிரின் பாதையில் உபகரணங்களை மாற்றி வைக்கும் சுழல்மேடை சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. வேறு எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டும். மெஷின் தயாராகும்போது சுற்றுக்கு ஒன்றாக அந்த எண் ஏறும். அதற்கு ஒதுக்கிய இடமோ 255 வரைதான் கொள்ளும். பழைய பைக்கின் மீட்டர் 99999 தாண்டி 00000 காட்டுமே, அதே கதை: 256-வது சுற்றில் பூஜ்யம். சரியாக அந்தக் கணத்தில் ஆபரேட்டர் 'செட்' பொத்தானை அமுக்கினால் பரிசோதனையே நடக்காது. ஒன்று கூட்டுவதை விட்டுவிட்டு பூஜ்யம் அல்லாத ஒரு நிலையான எண்ணை எழுதியதும் கோளாறு தீர்ந்தது.

நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் இது சிக்காமல் போகலாம். முறைசார் சரிபார்ப்பு வேறு வழியில் போகிறது. மெஷின் இருக்கக்கூடிய நிலைகளையெல்லாம் கணிதமாக எழுதி, 'மேடை இடத்தில் இல்லாமல் கதிர் பாயக் கூடாது' என்ற விதியையும் கொடுத்தால், விதி உடையும் பாதை இருந்தால் அதைச் சரிபார்க்கும் மென்பொருள் படிப்படியாக எடுத்துக் காட்டும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் எழுதுகிறவர் அந்த எண்ணைப் பள்ளிக்கூடத்து எண்ணாக, எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும் என்று எழுதிவிட்டால்? அது பூஜ்யத்துக்குத் திரும்பவே திரும்பாது. நிரூபணம் பாஸ். காகிதத்தில் உள்ள மெஷின் பத்திரம், கட்டிலுக்கு மேலே நிற்கிற மெஷின் அல்ல.

யாராவது செய்திருக்கிறார்களா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நியூட்ரான் சிகிச்சை மெஷினை இப்படிக் கணிதமாக எழுத ஜொனாதன் ஜாக்கி 'இசட்' என்ற குறியீட்டு முறையைப் பயன்படுத்தினார்.

நம் சட்டம் கேட்கிறதா? ஆவணம் கேட்கிறது, கணித நிரூபணம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நாங்கள் என்ன கேட்பது? திரையில் பிழை வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். 1986-இல் அமெரிக்காவின் டைலர் நகரில் அதே தெரக்-25 மெஷினின் திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. ஆபரேட்டர் 'தொடர்' பொத்தானை அமுக்கினார்.