வரைபடம் இல்லாத உடம்பு

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் வாசலில் மனித உடம்பைத் தனித்தனி உறுப்பாக வாங்கலாம். தட்டில் கண் ஒரு வரிசை, கை ஒரு வரிசை, கால் ஒரு வரிசை. வெள்ளி நிறத்தில் பளபளக்கும் மெல்லிய தகடு. உறுப்பின் உருவம் அதில் புடைத்து நிற்கும். அமாவாசை என்றால் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

“முட்டி வலிம்மா. கால் தகடு ஒண்ணு குடுங்க.”

“ஒத்தக் காலா, ரெண்டுமா ஐயா?”

அவ்வளவுதான் பேச்சு. தகட்டை உண்டியலில் போட்டு, குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். இந்தப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று ஒரு பெயரும் உண்டு.

அந்தத் தட்டைப் பார்க்கிற எவருக்கும் ஒரு கேள்வி எழும். பிரசங்க மேடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அடிக்கடி வருகிற கேள்விதான். 206 எலும்பு, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம், ஒரு கைக்கு மட்டும் 27 எலும்பு. ஒரு சைக்கிள்கூடத் தானாக முளைப்பதில்லை. இவ்வளவு நுட்பமான உடம்பு மட்டும் யாரும் திட்டமிடாமல் வந்திருக்குமா?

பேலியின் கல்

இந்தக் கேள்விக்கு மேற்கில் புகழ்பெற்ற வடிவம் கொடுத்தவர் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1802-இல் வெளிவந்த அவருடைய நூல் ஒரு வெட்டவெளியில் தொடங்குகிறது. நடக்கும்போது காலில் கல் தட்டினால், அது எப்போதும் அங்கேயே கிடந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு கடிகாரம் கிடந்தால் அப்படிச் சொல்ல முடியுமா? பல்லும் சக்கரமும் சுருள்வில்லும் ஒரு செய்பவரைச் சுட்டுகின்றன. கண்ணும் அப்படித்தான் என்றார் பேலி. கேம்பிரிட்ஜில் படித்தபோது அவருடைய எழுத்தை விரும்பிப் படித்த மாணவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின்.

அதே வாதம் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற பெயரில் மறுபடி வந்தது. 1996-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி எலிப்பொறியை உதாரணம் காட்டினார்: ஒரு பாகத்தை எடுத்தால் பொறி வேலை செய்யாது, ரத்தம் உறையும் முறையும் அப்படித்தான், ஆகவே அது படிப்படியாக வந்திருக்க முடியாது. 2005 டிசம்பரில், பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில், இது அறிவியல் அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பீஹி சொன்ன ரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உறைதலில் பங்கெடுக்கும் பன்னிரண்டாம் காரணி திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் கிடையாது. அவற்றின் ரத்தமும் உறையத்தான் செய்கிறது.

நமக்கும் இது அயலூர்ச் சண்டை இல்லை. 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு என்றும், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்றும் பேசினார். 2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

அமைச்சர் பேசி இரண்டு வாரம் ஆவதற்குள், 2018 ஜனவரி கடைசியில், திருவள்ளூர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அது அத்திரம்பாக்கம்.

கல் பேசிய ஊர்

பூண்டி ஏரிப் பக்கம், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள சின்ன ஊர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். டார்வினின் பரிணாம நூல் வெளிவந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். அங்கே கல்லாயுதங்கள் குவியலாகக் கிடைத்தன. 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழாய்வு செய்தார்கள். 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் குழு வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. 2018-இல் சொன்னது அடுத்த கட்டம்: சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கிவிட்டது.

நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளுக்கே வயது 3 லட்சம் ஆண்டு அளவுதான். ஆக, அந்தக் கைக்கோடரிகளைச் செய்தவர்கள் நாம் இல்லை; நமக்கு முந்தியவர்கள். அவர்களுடைய எலும்பு ஒன்றுகூட அந்த அகழாய்வில் கிடைக்கவில்லை. செய்தவர் கண்ணில் படவே இல்லை. ஆனாலும் அந்தக் கல் செய்யப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ‘நாங்களும் இதைத்தானே சொல்கிறோம்’ என்பார் பேலி கட்சிக்காரர்.

அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். தொல்லியலாளர் கைக்கோடரியில் எதைப் பார்க்கிறார்? சுத்தியல் கல் பட்டுப் பெயர்ந்த சில்லில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். பெயர்ந்த இடத்தில் அதற்கு ஈடான குழிவு இருக்கும். குழிவுகள் இரு பக்கமும் மாறி மாறி வந்து விளிம்பில் சந்திக்கும். சுற்றிலும் சில்லுகள் சிதறிக் கிடக்கும். பாதியில் உடைந்து கைவிட்டதும் கிடைக்கும். இன்றைக்கும் ஒருவர் குவார்ட்சைட் கல்லை எடுத்துத் தட்டி அதே தடத்தை உண்டாக்கிக் காட்டலாம். செய்கிற முறை தெரியும். அதனால் செய்தது என்று தெரிகிறது.

அந்தக் கைக்கோடரியின் மேல் ஒட்டியிருக்கும் பாசித் துணுக்கு ஒன்று, கைக்கோடரியைவிடப் பல மடங்கு சிக்கலானது. ஆனால் ‘யாரோ செய்தது’ என்று நாம் எடுத்து வைப்பது கல்லை. கழுவி விடுவது பாசியை. சிக்கல்தான் செய்தவரின் கையெழுத்து என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

ரிவிஷன் எண்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத்தில் நிற்பவர்களுக்கு, சிக்கல் டிசைனின் அடையாளம் இல்லை என்பது புதிதாக இருக்காது. மூலையில் ரிவிஷன் எண் போட்ட டிராயிங், ஒவ்வோர் அளவுக்கும் டாலரன்ஸ், சரிபார்க்க கேஜ். அங்கே நல்ல டிசைன் என்றால் பாகம் குறைய வேண்டும். நாலு போல்ட் பிடித்திருந்ததை இரண்டில் பிடிக்க வைத்தவருக்குத்தான் பாராட்டு. பழைய டிசைன் ஒத்துவராவிட்டால் வெள்ளைத் தாளில் முதலிலிருந்து வரையலாம். ஆயுத பூஜைக்கு லைனை நிறுத்தி, இயந்திரத்தைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைக்கலாம்.

உயிருக்கு அப்படி ஒரு விடுமுறை கிடைத்ததில்லை. ஒரு தலைமுறைகூட நிற்காமல், ஓடுகிற இயந்திரத்தில் கை வைத்தே மாற்றியாக வேண்டும். இருந்ததை நீட்டலாம், வளைக்கலாம், வேறு வேலைக்குத் திருப்பலாம். கழற்றிவிட்டு மறுபடி தொடங்க முடியாது. அந்தத் தடம் நம் உடம்பில் இருக்கிறதா?

தொண்டையைத் தொட்டுப் பாருங்கள். குரல்வளையை இயக்கும் நரம்பு மூளையிலிருந்து கழுத்து வழியாக வருகிறது. இடப்பக்க நரம்பு குரல்வளைக்குப் பக்கத்திலேயே வந்தும் அங்கே நிற்காமல் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறி வருகிறது. கூப்பிடு தூரத்து ஊருக்கு மாவட்டத் தலைநகர் போய்த் திரும்பும் பஸ் மாதிரி. ஒட்டகச்சிவிங்கியிலும் இதே வழிதான். அங்கே சுற்று பல மீட்டர். கழுத்தே இல்லாத மீனில் இதற்கு இணையான நரம்பு செவுளுக்கு நேராகப் போகிறது. கழுத்து நீள நீள இதயம் கீழே இறங்கியது. தமனிக்கு அந்தப் பக்கம் மாட்டிய நரம்பும் கூடவே இழுபட்டது. தைராய்டு அறுவை செய்பவர்கள் இந்த நரம்பைத் தேடிக் காப்பாற்றுவதில் அத்தனை கவனம் வைக்கிறார்கள். அது போனால் குரல் கம்மிவிடும்.

இன்னொன்று. ரயிலடி ஓரத்தில் மேயும் ஆடு எலுமிச்சை, நெல்லிக்காயைத் தேடிப் போக வேண்டியதில்லை. வைட்டமின் சி-யை அதன் ஈரலே செய்துகொள்கிறது. நம்மால் முடியாது. அதற்கான கடைசி நொதியின் மரபணு நம்மிடமும் இருக்கிறது. ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. சிம்பன்ஸிக்கும் மற்றக் குரங்குகளுக்கும் அதே பழுது. பரீட்சையில் இரண்டு பையன்கள் ஒரே சரியான விடையை எழுதினால் வாத்தியார் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே தப்பை ஒரே இடத்தில் எழுதினால் பக்கத்துப் பெஞ்சைப் பார்ப்பார்.

குடமும் குயவனும்

‘அப்படியென்றால் கடவுள் இல்லை என்கிறீர்களா?’ இல்லை. அது வேறு கணக்கு. பேலிக்குப் பல நூற்றாண்டு முன்பே, 13-ஆம் நூற்றாண்டில், மெய்கண்டார் சிவஞானபோதத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். சைவ சித்தாந்தம் காட்டும் உவமை குடம்: மண் முதற்காரணம், சக்கரமும் தண்டமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். ஆனால் அந்த வாதம் உடம்பின் நுட்பத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதற்கு ஒரு கர்த்தா வேண்டும் என்றே போகிறது. மறுப்பவர்களும் தமிழில் உண்டு. பூதங்கள் கூடும்போது உணர்வு தானாகப் பிறக்கும் என்று வாதிடும் பூதவாதிக்கு மணிமேகலையில் இடம் இருக்கிறது. மெய்கண்டாரின் வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். குரல்வளை நரம்பு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதால் அது வாழவும் இல்லை, வீழவும் இல்லை.

உடம்பின் நுட்பத்தில் கடவுளைக் கட்டி வைப்பவர்தான் சங்கடத்தில் மாட்டுகிறார். இதயத்தின் திறமைக்கு அவரைப் பாராட்டினால், தேயும் முட்டிக்கும், சோறு புரையேறும் தொண்டைக்கும், நிமிர்ந்து நடந்ததற்கு விலை கொடுக்கும் இடுப்புக்கும் அவரிடமே கணக்குக் கேட்க வேண்டிவரும்.

கோயில் வாசல் தட்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அங்கே தகடு வாங்குகிறவர் எவரும் ‘என் கண் எவ்வளவு நுட்பம்’ என்று காட்ட வாங்குவதில்லை. பார்வை மங்கிய பிறகுதான் கண்ணை வாங்குகிறார். நடக்க முடியாமல் போன பிறகுதான் காலை வாங்குகிறார். ரெண்டு காலுக்கும் தகடு வாங்கியவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது ஒரு வைத்தியரை. டிராயிங் போட்டவர் யார் என்று அவர் கேட்கவே இல்லை.