எடை குறைந்த பிறகு தொங்கும் தோல்: அறுவை சிகிச்சை யாருக்கு? எப்போது?



எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரிப்பதும், நாம் தலையாட்டிவிட்டு வந்து விருந்தில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்துக்கொள்வதும் நம் வீடுகளில் வழக்கம்தான். ஆனால் சிலர் உண்மையிலேயே குறைத்துவிடுகிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் குறைத்தவர்கள், இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி போன்ற ஊசிகளால் குறைத்தவர்கள் எனப் பலரையும் இன்று பார்க்கிறோம். சர்க்கரை கட்டுக்குள் வருகிறது. முழங்கால் வலி குறைகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

அதற்குப் பிறகு வரும் ஒரு தொல்லையைப் பலர் வெளியே சொல்வதில்லை. 40, 50 கிலோ குறைந்தவர்களுக்கு வயிறு, கை, தொடை, மார்பு ஆகிய இடங்களில் தோல் பைபோலத் தொங்குகிறது. "இன்னும் கொஞ்சம் நடங்க, சரியாகிடும்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். நடந்தாலும் சரியாவதில்லை. தன் முயற்சியில்தான் குறை என்று நினைத்து அவர் ஒதுங்கிப் போகிறார். வேறு சிலர் விளம்பரத்தைப் பார்த்து, நகையை அடகு வைத்து, அவசரப்பட்டு எங்கேயோ போய்ப் படுத்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

தோல் ஏன் சுருங்குவதில்லை?

நம் தோலுக்குள் கொலாஜன், எலாஸ்டின் என்ற இரண்டு வகை நார்ப்புரதங்கள் இருக்கின்றன. ஒன்று உறுதி தருகிறது. மற்றொன்று இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையைத் தருகிறது. பல ஆண்டுகள் பருமனாக இருக்கும்போது இந்த நார்கள் நீண்டு, அறுந்து, பலம் இழக்கின்றன. உள்ளே இருந்த கொழுப்பு கரைந்த பிறகும் மேலே இருக்கும் தோல் அப்படியே நின்றுவிடுகிறது. பழைய சட்டையின் எலாஸ்டிக் தளர்ந்துபோவது போலத்தான் இதுவும்.

இளவயதினருக்கும், குறைந்த அளவு எடை இழந்தவர்களுக்கும் தோல் ஓரளவு தானாகச் சுருங்கும். வயது, பிரசவங்கள், புகைப்பழக்கம், எத்தனை ஆண்டு பருமனாக இருந்தார் என்பதையெல்லாம் பொறுத்து இது மாறும். உடற்பயிற்சி தசையை வளர்க்கும், நல்லதுதான். ஆனால் தொங்கும் தோலை அது அகற்றாது. தோலை இறுக்கும் என்று விற்கப்படும் கிரீம்களும் எண்ணெய்களும் இந்த அளவுத் தொங்கலைச் சரிசெய்யாது. அவற்றில் பணத்தைப் போட வேண்டாம்.

இது வெறும் அழகுப் பிரச்சினையா?

அடிவயிற்றுத் தோல் தொடைவரை தொங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மடிப்புக்குள் வியர்வை தேங்குகிறது. நம் ஊர் வெயிலில் அது காயவே காயாது. தோல் சிவந்து, உரசி, புண்ணாகி, பூஞ்சைத் தொற்று வருகிறது. மருந்து தடவினால் குறைகிறது. அடுத்த மாதம் திரும்பி வருகிறது. துர்நாற்றம் வருமோ என்ற பயத்தில் கல்யாண வீட்டுக்குப் போகத் தயங்குகிறார். தொழுகை வரிசையில் நெருங்கி நிற்கக் கூசுகிறார். நடக்கும்போது தோலின் கனம் இடுப்பை இழுக்கிறது. அளவான உடை கிடைப்பதில்லை.

ஆண்களுக்கும் இது உண்டு. மார்புத் தோல் தொங்குவதால் வீட்டில்கூடச் சட்டையைக் கழற்றாத இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அந்தத் தோல் எத்தனை வருட உழைப்புக்குப் பிறகு மிஞ்சியது என்பதை அறிவதில்லை.

என்னென்ன அறுவை சிகிச்சைகள் உள்ளன?

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் உடலுக்குள் பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உருக்கொடுத்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இந்த மருத்துவத்தின் வேர் பழையது. கி.பி. 1013இல் மறைந்த குர்துபா நகரத்து அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி, தம்முடைய 'அத்-தஸ்ரீஃப்' நூலில், ஆண்களுக்குப் பெருத்துவிடும் மார்பைக் கீறிச் சரிசெய்யும் முறையை விளக்கியிருக்கிறார்.

இன்று செய்யப்படுபவற்றில் முக்கியமானவை இவை:

• அடிவயிற்றில் தொங்கும் தோலையும் கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுப்பது. இதற்குப் பனிக்குலெக்டமி என்று பெயர்.

• தோலை எடுப்பதோடு, விலகிய வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொப்புளையும் புதிய இடத்தில் பொருத்துவது. இது அப்டாமினோபிளாஸ்டி. 'டம்மி டக்' என்று விளம்பரங்களில் வருவது இதுதான்.

• இடுப்பைச் சுற்றிலும் பெல்ட்போல் தோலை எடுப்பது. முதுகிலும் தொங்கல் இருப்பவர்களுக்கு இது தேவைப்படும்.

• கை, தொடை, மார்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி அறுவை சிகிச்சைகள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட முடியாது. பல மணி நேரம் மயக்கத்தில் இருப்பதும் ரத்த இழப்பும் ஆபத்து என்பதால், சில மாத இடைவெளியில் கட்டம் கட்டமாகவே செய்வார்கள். தோலை எடுத்த இடத்தில் நீளமான தழும்பு நிச்சயம் இருக்கும். தொங்கும் தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்கிக்கொள்கிறோம் என்பதே நேர்மையான கணக்கு. இது எடை குறைக்கும் வழியும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எடுக்கப்படும் தோலும் கொழுப்பும் சில கிலோதான்.

எப்போது செய்யலாம்?

எடை நிலைபெற்ற பிறகுதான். பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்தவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டும். எந்த வழியில் குறைத்திருந்தாலும், கடைசி 3 முதல் 6 மாதமாவது எடை ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் இருக்க வேண்டும். அதற்கு முன் செய்தால், மேலும் எடை குறைந்து தோல் மறுபடி தொங்கும். எடை கூடினால் தையலும் தழும்பும் விரியும்.

உடல் நிறைக் குறியீட்டெண் 30க்கு அருகில் அல்லது அதற்குக் கீழே இருந்தால் சிக்கல்கள் குறைவு. 160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு இது சுமார் 77 கிலோ. இதைவிட அதிகமாக இருப்பவர்களுக்குப் புண் ஆறுவதில் தொல்லைகள் கூடும்.

பலரும் கவனிக்காத ஒன்று ஊட்டச்சத்து. எடை வேகமாகக் குறைந்தவர்களுக்குப் புரதம், இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின் ஆகியவை பற்றாக்குறையாக இருப்பது சாதாரணம். கஞ்சியும் டீயுமாக நாளை ஓட்டுபவரின் உடலில் இரண்டடி நீளத் தையல் எப்படி ஆறும்? எனவே ஹீமோகுளோபின், புரதம், வைட்டமின்களுக்கான ரத்தப் பரிசோதனைகளை முன்கூட்டியே செய்து, குறை இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் ஆகியவற்றைத் தினமும் உணவில் சேர்க்க வேண்டும்.

புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை, தோலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, தைத்த தோலைக் கருகச் செய்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். எடைக்குறைப்பு ஊசி போடுபவர்கள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஊசி இரைப்பையில் உணவை நீண்ட நேரம் தங்கவைக்கும். இன்னொரு குழந்தை பெற எண்ணும் சகோதரிகள் வயிற்று அறுவை சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்வதே நல்லது.

மார்க்கம் அனுமதிக்கிறதா?

இந்தக் கேள்வி பலருக்கும் இருக்கிறது. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை விரிவாக ஆராய்ந்தது. உடலின் குறையைச் சீர்செய்யவும், உடலுக்கும் மனதுக்கும் தொல்லை தருவதை நீக்கவும் செய்யப்படும் அறுவை சிகிச்சையை அது அனுமதித்தது. ஆசைக்காக இயல்பான தோற்றத்தை மாற்றிக்கொள்வதை அனுமதிக்கவில்லை. உங்கள் நிலை எதில் சேரும் என்பதை டாக்டரின் விளக்கத்தோடு உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.ஆர்.என்.பி. பட்டம் பெற்றவரா என்று பாருங்கள். மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவு இல்லாத சிறிய அழகு மையங்களில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை நிற்கவைத்து உடலில் பேனாவால் கோடு வரைவார்கள். மருத்துவப் பதிவுக்காகப் படமும் எடுப்பார்கள். அப்போது பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று சகோதரிகள் கேட்கலாம். படம் யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்று கேட்டு, எழுத்தில் ஒப்புதல் கொடுங்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்த மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

செலவும் காப்பீடும்

டாக்டர், மயக்க மருந்து, தியேட்டர், அறை, அழுத்த உடை, கட்டு மாற்றுதல், சிக்கல் வந்தால் ஆகும் கூடுதல் செலவு எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டில் தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவரீதியாகத் தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்றளித்தால் விலக்கு உண்டு. ஆகவே மடிப்பில் புண் வரும் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டி, சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பணம் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சீட்டு இல்லாமல் கேட்கவே முடியாது. சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறைகள் இருக்கின்றன. கடன் வாங்கும் முன் அங்கே போய் ஆலோசனை கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வயிற்று அறுவை சிகிச்சையின் மறுநாளே, பிடித்துக்கொண்டாவது சில அடி நடக்க வைப்பார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க இது மிக அவசியம். முதல் வாரம் சற்றுக் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும். தலையையும் முழங்கால்களையும் உயர்த்திப் படுத்தால் தையல் இழுக்காது. தோலுக்கு அடியில் சேரும் நீரை வெளியேற்ற டியூப் வைத்திருப்பார்கள். தினமும் எவ்வளவு வடிகிறது என்று குறித்துவையுங்கள். அளவு குறைந்ததும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் எடுத்துவிடுவார்கள். அழுத்த உடையைச் சுமார் 6 வாரம் அணிய வேண்டும்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 முதல் 4 வாரங்களில் திரும்பலாம். ஆனால் 6 வாரம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. நம் வீடுகளில் தாய்மார்கள் மூன்றாம் நாளே அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். அதை அனுமதிக்காமல் இருப்பது கணவர், மாமியார், பிள்ளைகளின் பொறுப்பு. யார் சமைப்பது, யார் துணி துவைப்பது என்பதைத் தேதி குறிக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். உதவிக்கு ஆள் இல்லையென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள்.

ருகூஃ, சஜ்தாவுக்குக் குனிவது தையலை இழுக்கும் என்பதால், டாக்டர் அனுமதிக்கும்வரை நாற்காலியில் அமர்ந்து தொழலாம். கட்டு நனையக்கூடாத நாட்களில் உளூ, குளிப்புக்கான சலுகைகளை ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புண் ஆறும் வாரங்களில் தண்ணீரும் புரதமும் பகலிலும் தேவைப்படும். ஆகவே ரமலானுக்கு நெருக்கத்தில் தேதி வைக்காதீர்கள்.

தொப்புளுக்குக் கீழே பல மாதம் மரத்துப்போன உணர்வு இருக்கலாம். வீக்கம் வடியச் சில மாதங்கள் ஆகும். தழும்பு மங்க 12 முதல் 18 மாதம் ஆகும். முதல் மாதம் கண்ணாடியைப் பார்த்து மனம் உடைந்து போகாதீர்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

• காய்ச்சல், சீழ், துர்நாற்றம், தையல் பிரிதல்

• ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குதல், தோல் கருத்துப்போதல்

• ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலி

திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இது உயிரைப் பறிக்கும். அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள்.

வேண்டாம் என்பவர்களுக்கு

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. மடிப்புகளைத் தினமும் கழுவி, ஈரம் போக ஒற்றித் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைத்து, புண் வந்தால் தோல் டாக்டரிடம் காட்டி நிம்மதியாக வாழ்பவர்கள் பலர். தொங்கும் தோலைத் தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான உள்ளாடையும் உதவும். செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் அவரவர் உடல்நிலையையும் வசதியையும் பொறுத்தது.

நம் குடும்பத்தில், மஹல்லாவில் எடையைக் குறைத்தவர் யாராவது இருந்தால், அவருடைய தோலைப் பற்றிப் பேசாமல், அவர் எடுத்த முயற்சியைப் பாராட்டுவோம். அவர் சிகிச்சைக்குப் போனால், திரும்பி வரும்போது அவர் வீட்டு அடுப்பை ஒரு வாரம் நாம் பார்த்துக்கொள்வோம். அல்லாஹ் அனைவருக்கும் பூரண உடல்நலத்தைத் தருவானாக!