பொய் சொல்லும் யந்திரம்

லாகூர் நகரில் மருத்துவர்களுக்கான மென்பொருள் எழுதி விற்றுவந்த பாஸித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற சகோதரர் இருவர், தம் சரக்கைக் காசு கொடாமல் நகலெடுப்பவர்களை எச்சரிக்கும் பொருட்டு 1986இல் எழுதிய ‘பிரைன்’ என்ற சிறிய நிரல், ஐபிஎம் வகைக் கணினிகளைத் தொற்றிய முதல் வைரஸ் என்று சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. அந்த நிரலுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி எண் யாவற்றையும் எழுதி, தடுப்பு மருந்துக்கு எங்களை அணுகுக என்றும் சேர்த்திருந்த அவர்களுடைய வெகுளித்தனத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ அதைக் காட்டிலும் விசேஷமாகப் படுவது அது ஒளிந்திருந்த விதம். ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் தான் குடியேறிக்கொண்டு, அங்கே இருந்த அசலை வேறோர் இடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தை வேறு எதுவும் சீண்டாதபடி ‘பழுதானது’ என்று முத்திரையும் குத்திவிட்டு, பின்னர் எவரேனும் தொடக்கப் பகுதியைப் படித்துப் பார்க்க முற்பட்டால், தன்னைக் காட்டாமல், பதுக்கிவைத்த அசலை எடுத்து நீட்டும். பார்த்தவர் குறையொன்றும் இல்லை என்ற திருப்தியுடன் எழுந்து போவார்.

வீட்டுக் கணினியில் தீநிரல் புகுந்துவிட்டால் செய்யவேண்டியவை, செய்யலாகாதவை அனைத்தும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளைக்கின்றன என்பது என் அபிப்பிராயம்: நோயுற்ற யந்திரம் தன் நோயைப் பற்றித் தானே கூறும் சாட்சியம் செல்லாது.

கணினியில் உள்ள கோப்புகளை நாம் ‘பார்க்கிறோம்’ என்று சொல்வது உபசார வழக்குத்தான். வட்டில் பதிந்திருப்பதை நேரே பார்க்கும் பாக்கியம் நமக்கில்லை. விண்டோஸ் முதலிய இயங்குதளத்தை நாம் கேட்கிறோம், அது ஒரு பட்டியல் தருகிறது, அந்தப் பட்டியலையே உள்ளது உள்ளபடி என்று நம்புகிறோம். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு நிரல் நுழைந்து, தன் பெயர் வரும் வரியை மட்டும் உருவிவிட்டு மீதியை நம்மிடம் கொடுக்குமானால், நமக்குத் தெரிய வழியே இல்லை. ரூட்கிட் என்று சொல்லப்படும் வகையின் வேலை இதுதான். இவ்வித்தையைக் கயவர் மட்டுமே கையாண்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைத்தட்டுகளை நகலெடுப்பதைத் தடுப்பதற்காக, வாங்கியவர்களின் கணினிகளில் ஓசைப்படாமல் நிறுவிய மென்பொருள், குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் அனைத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததை, மார்க் ரஸ்ஸினோவிச் என்ற வல்லுநர் தம்முடைய கணினியிலேயே கண்டுபிடித்து 2005ஆம் ஆண்டு அம்பலப்படுத்தினார். அம்பலமானதுதான் தாமதம், வைரஸ் எழுதுவோர் தங்கள் கோப்புகளுக்கும் அதே எழுத்துகளை முன்னால் ஒட்டி அதே திரைக்குள் புகுந்துகொண்டார்கள்.

இத்தனை ஆழத்துக்குப் போகவேண்டாம். ஜெராக்ஸ் கடையிலும் கல்லூரி லேபிலும் நம்மவர்கள் மிகுதியும் வாங்கிவந்த ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். பென்டிரைவைச் செருகித் திறந்தால், ‘கல்யாண போட்டோ’, ‘புராஜெக்ட்’ என்று நாம் பெயரிட்டு வைத்தவை எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் இடது கீழ்மூலையிலும் முன்பு இல்லாத, வளைந்த சிறிய அம்புக்குறி ஒன்று முளைத்திருக்கும். நாலைந்து ஜிபி இருக்கவேண்டிய கல்யாணம் ஒன்றிரண்டு கேபியில் முடிந்திருக்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ என்ற கட்டத்தை நிதானமாகப் படித்துப் பார்த்தால், முதலில் விண்டோஸின் கட்டளை நிரல் ஒன்றின் பெயரும், அடுத்து ஏதோ ஒரு ஸ்கிரிப்டின் பெயரும், கடைசியில்தான் நம்முடைய ஃபோல்டரின் பெயரும் வரிசையாக நிற்கக் காணலாம். நாம் இரண்டு முறை தட்டியவுடன் ஸ்கிரிப்ட் கணினிக்குள் இறங்கிவிடுகிறது. மறுகணமே ஃபோல்டரும் திறந்துகொள்வதால் நமக்குச் சந்தேகம் தட்டுவதில்லை.

அசல் ஃபோல்டர்கள் எங்கேயும் போய்விடவில்லை. ‘மறைவானது’, ‘சிஸ்டத்துக்கு உரியது’ என்ற இரண்டு குறிகளை அவற்றின்மேல் இட்டுவிட்டால் விண்டோஸ் அவற்றைக் காட்டாது என்பதைத்தான் இந்த வைரஸ் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. மறைந்தவற்றைக் காட்டு என்று டிக் அடிப்பது மட்டும் போதாது. சிஸ்டம் கோப்புகளை மறைத்துவை என்று வேறொரு கட்டத்தில் இருக்கும் டிக்கையும் எடுக்கவேண்டும். பிறகு ‘அட்ரிப்’ என்ற பழைய டாஸ் கட்டளையைக் கொண்டு அவ்விரு குறிகளையும் அழித்துவிட்டால், பொருள் அத்தனையும் சேதமின்றித் திரும்பிவரும். இது தெரியாமல், எல்லாம் போயிற்று என்று பென்டிரைவை ஃபார்மட் செய்து, நிஜமாகவே எல்லாவற்றையும் போக்கிக்கொண்டவர்கள் அநேகர். ஆனால் கணினியைச் சுத்தம் செய்யாமல் பென்டிரைவை மட்டும் சுத்தம் செய்வது வீண் வேலை. மறுமுறை செருகிய சில நொடிகளில் அம்புக்குறிகள் மறுபடியும் வந்துவிடும்.

வைரஸ் என்று ஜனங்கள் அஞ்சுவதில் பாதி, வைரஸே அன்று. திரையின் ஓரத்தில் எழும்பி, ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது’ என்று கூவும் அறிவிப்புகள் பெரும்பாலும், என்றோ ஏதோ ஒரு தளத்துக்கு நாம் யோசியாமல் ‘அலௌ’ கொடுத்ததன் பலன். பிரௌசரின் அமைப்பில் அந்த அனுமதியை நீக்கினால் அடங்கிவிடும். அதில் காணும் தொலைபேசி எண்ணை அழைப்பதுதான் நிஜமான ஆபத்து.

மெய்யான தொற்று என்று தோன்றினால், முதல் காரியமாக வைஃபையை அணைத்துவிட வேண்டும். தகவல் வெளியே போவதும், புதிய கட்டளைகள் உள்ளே வருவதும் நிற்கும். இரண்டாவது, அந்தக் கணினியில் பாங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு எதையும் தட்டலாகாது. மூன்றாவது, பரிசோதனையை வெளியிலிருந்து நடத்தவேண்டும். 2008ஆம் ஆண்டின் இறுதியில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற புழு, தான் புகுந்த கணினியிலிருந்து ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவொட்டாமல் தடுத்துவிட்டது என்பதை நினைத்தால், உள்ளேயிருந்து செய்யும் முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸோடு சேர்ந்தே ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்ற ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தால் கணினி அணைந்து, வழக்கமான விண்டோஸ் எழுவதற்கு முன்னரே பரிசோதகன் மட்டும் எழுந்து, கால்மணி நேரம்போல வட்டைத் துருவிப் பார்க்கிறது. பொய் சொல்லவேண்டிய நிரல் அப்போது வட்டில் வெறும் எழுத்தாகக் கிடக்கிறதே தவிர இயங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆகையால் அதனால் எதையும் மறைக்க முடிவதில்லை. கையில் இருக்கும் இத்தனை நல்ல உபாயத்தைப் பெரும்பாலோர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை என்பது வருந்தத்தக்கது.

அப்படியானால், பிழையே செய்யாத ஓர் ஆன்டிவைரஸை என்றைக்காவது எழுதிவிட முடியாதா? முடியாது என்று அமெரிக்காவின் ஃபிரெட் கோஹன் 1984இலேயே காட்டிவிட்டார். எந்த நிரலைக் கொடுத்தாலும் வைரஸா அல்லவா என்று தவறாமல் சொல்லும் பரிசோதகன் ஒருவன் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அவனையே தன்னுள் அடக்கிக்கொண்டு, ‘நான் வைரஸா?’ என்று அவனிடமே கேட்டு, ஆம் என்று அவன் சொன்னால் பரவாமல் சும்மா இருந்தும், இல்லை என்று சொன்னால் உடனே பரவியும் நடந்துகொள்ளும்படி ஒரு நிரலை எழுதிவிட்டால், அவன் எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தப் பதில் தவறாகிவிடும். ஆகவே ‘எதுவும் அகப்படவில்லை’ என்று ஆன்டிவைரஸ் சொல்வதற்கு ‘எதுவும் இல்லை’ என்று பொருள் கொள்வதற்கில்லை.

பழுது பார்க்கும் கடைக்காரர், பாதி கேட்பதற்குள்ளாகவே “ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம் சார்” என்று சொல்வதை, வேலை தெரியாதவர் பேச்சு என்று நாம் இளப்பமாக நினைப்பதுண்டு. கோஹன் சொன்னதை யோசித்துப் பார்த்தால், அந்த மனிதர் பக்கமே நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள். புதிய விண்டோஸ் போடுவதற்கான பென்டிரைவை, நோயில்லாத வேறொரு கணினியில் தயாரிக்கவேண்டும். அழிப்பதற்கு முன் போட்டோ, கடிதம், கணக்கு ஆகியவற்றை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, இயங்கும் நிரல் எதையும் உடன் எடுத்துச் செல்லாமல் விடவேண்டும். முக்கியமாக, விலை கொடாமல் மென்பொருளைத் திறக்கும் ‘கிராக்’ என்ற வஸ்துவைப் பத்திரப்படுத்தலாகாது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதை இயக்கவும் என்று அதனோடு வரும் குறிப்புக்கு நாம் கீழ்ப்படிந்ததே பல வீடுகளில் விபத்தின் மூலகாரணம்.

அந்த வழியில் வருவதில் மிகக் கொடியது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர். இதன் ஆதி உருவம் 1989 டிசம்பரில் தோன்றியது. எய்ட்ஸ் நோயைப் பற்றிய தகவல் என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 ஃபிளாப்பிகள் தபாலில் அனுப்பப்பட்டன. கணினியைச் சுமார் 90 தடவை இயக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு கோப்புகளின் பெயர்களைக் குலைத்துவிட்டு, பனாமா நாட்டுத் தபால் பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது அந்த நிரல். பூட்டும் சாவியும் அதற்குள்ளேயே இருந்தபடியால் ஜிம் பேட்ஸ் என்பவர் விரைவில் மாற்று எழுதிவிட்டார். இக்காலத்தவற்றில் சாவி குற்றவாளியின் கையிலேயே இருப்பதால், பூட்டு திறமையாகச் செய்யப்பட்டிருந்தால் உடைக்க வழியில்லை. எனினும் பூட்டிய கோப்புகளை வேறொரு வட்டில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். நெதர்லாந்துப் போலீசும் யூரோபோலும் வேறு சிலரும் 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், குற்றவாளிகளிடம் பிடிபட்ட சாவிகளைக் கொண்டு செய்த கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றில்லாத சாவி பின்னொரு நாள் அதில் வந்து சேரக்கூடும். நம் அரசாங்கத்தின் சைபர் ஸ்வச்தா கேந்திரமும் சுத்தம் செய்யும் கருவிகளை விலையின்றித் தருகிறது.

கணினி தெளிந்த பிறகு மிஞ்சுவது, அதன் வழியே வெளியே போன விஷயங்கள். பாஸ்வேர்டுகளை, தொற்றில்லாத ஒரு போனிலிருந்து, ஈமெயில் கணக்கை முதலாவதாக வைத்து மாற்றவேண்டும். மற்றக் கணக்குகளின் சாவியெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது. பாஸ்வேர்டை மாற்றினாலும், பிரௌசரிலிருந்து திருடப்பட்ட லாகின் அடையாளம் சில இடங்களில் செல்லுபடியாகிக்கொண்டே இருக்குமாதலால், ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற பொத்தானையும் அழுத்தவேண்டும். நமக்கு வரும் கடிதங்களின் நகலை வேறு முகவரிக்கு அனுப்பும்படி யாரேனும் விதி எழுதி வைத்திருக்கிறார்களா என்று மெயிலின் அமைப்பில் பார்க்கவேண்டும். பணம் போயிருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள்தான் அதை வழிமறிக்க இயலும்.