சீனடியும் சிங்க ஆட்டமும்

நற்பிட்டிமுனையை உள்ளிட்ட கல்முனைப் பிரதேசத்தில் முஸ்லிம் மக்களிடையே வழங்கிவரும் தற்காப்புக் கலை சீனடி. கம்பு கொண்டு ஆடுவது சிலம்படி. கற்பிப்பவர் அண்ணாவியார் எனப்படுவார். பெயரைக் கொண்டு இக்கலை சீனத்திலிருந்து வந்தது என்பாருமுளர். சொல்லொற்றுமை மட்டும் வரலாற்றுச் சான்றாகாது. நாம் ஒப்புநோக்க வேண்டியது தோற்றத்தையன்று, சமூகப் பணியையே.

தென்சீனத்துக் குங்ஃபூப் பள்ளிகள் புத்தாண்டு நாட்களில் சிங்க ஆட்டம் நிகழ்த்துவது மரபு. கடைவாயிலில் தொங்கும் கீரையைச் சிங்கம் கவ்வும். அதனுடன் சிவப்பு உறையில் கட்டப்பட்ட பணம் பள்ளியைச் சேரும். ஆகவே ஆட்டம் வெறும் கேளிக்கையன்று. பள்ளியின் வருவாயும், தெருவார்முன் அதன் திறமைக்குச் சான்றும் அதுவே. ஈண்டும் கலியாண ஊர்வலமும் பெருநாளுமே சீனடிக்கு அரங்காயின. அரசவைப் புரவலரன்றி ஊராரே இவற்றைப் பேணினர்.

எனவே காட்சியைப் போலி என இகழ்தல் தவறு. காட்சியே கலையெனக் கொள்வதும் தவறு. மேடை விரியப் பயில்களம் சுருங்குமாயின், எஞ்சுவன உடையும் ஓசையுமே. பாரம்பரியம் பேசுவோர் அண்ணாவியாரின் பிழைப்பையும், வயலில் களைத்துத் திரும்பும் இளைஞனுக்குப் பயில எஞ்சும் பொழுதையும் பற்றிப் பேசியாக வேண்டும். ஓய்வு கிட்டாத இடத்தில் கலை நிலைப்பதில்லை.