மாயவித்தையின் நிறம்

தீய மாயவித்தைக்கு ஐரோப்பியர் கரிய வித்தை எனப் பெயரிட்டமைக்குச் சொல் மயக்கமும் ஒரு காரணமாகும். கிரேக்கத்தில் நெக்ரோஸ் என்பது பிணம். இறந்தோரை எழுப்பிக் குறிகேட்கும் வித்தை அச்சொல்லாற் பெயர்பெற்றது. இடைக்கால இலத்தீனில் அது கருமையைச் சுட்டும் நிகெர் என்னும் சொல்லோடு மயங்கிற்று. பிணவித்தை கரிய வித்தையாயிற்று. நல்வித்தை வெண்மையானது என்பதும் எளிதில் நிலைத்தது.

கற்பனைக் கதைகள் பல இவ்வழக்கைக் கேள்வியின்றி ஏற்றன. ஒக்ஸ்போட் ஆசிரியர் இருவர் அவ்வாறு செய்திலர். சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட நார்னியாக் கதையிலே கொடியவள் வெள்ளைச் சூனியக்காரி. அவள் ஆட்சியிற் பனி உருகுவதில்லை, நத்தாரும் வருவதில்லை. ரொல்கின் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் பெருங்கதை இன்னும் நுட்பமானது. மந்திரவாதிகளுக்குத் தலைவனாய் வெள்ளாடை பூண்ட சருமானே துரோகியாகிறான். வெண்மையை இகழ்ந்து பன்னிற அங்கி தரிக்கிறான். சாம்பலாடைக் கந்தால்ஃப் மாண்டு மீண்ட பின்னரே வெண்மை எய்துகிறான். அங்கே வெண்மை பிறவிக்குணமன்று, இழக்கத்தக்க பதவி. ஆயினும் பகைவனின் ஏவற் குதிரைவீரர் கரிய ஆடையினரே. பழைய வழக்கை ரொல்கின் முற்றாய்க் கைவிட்டாரல்லர்.

ஆடையை விட்டு மேனியின் நிறத்துக்கு வருவோம், நேயர்களே. இவ்வழக்கின் கொடுமை அங்கேதான் விளங்கும். அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லு குவின் இதனை உணர்ந்தே, 1968இல் வெளிவந்த தம் எர்த்ஸீக் கதையின் மந்திரவாதி கெட் என்பானுக்குச் செம்பழுப்பு மேனி அளித்தார். அவன் ஊரைக் கொள்ளையிட வருவோரே வெண்மேனியர். அட்டை ஓவியர் சிலரோ அவனையும் வெள்ளையனாகத் தீட்டிவிட்டனர். அம்மையார் அதனை வெளிப்படையாகவே கண்டித்தார்.