பட்டைகளுக்குள் ஒரு சொல்

ஜெர்மனியின் மியூனிக் பகுதியில் ரயிலில் வேலைக்குப் போய்வந்த ஒரு பெண், 2018 முழுவதும் ஒரு மஃப்ளர் பின்னினார். நாளுக்கு இரண்டு வரிசை. ரயில் ஐந்து நிமிடத்துக்குள் தாமதமானால் சாம்பல் நிறம். அரைமணி வரை என்றால் இளஞ்சிவப்பு. அதற்கும் மேலே போனாலோ, போகும்போதும் வரும்போதும் தாமதமானாலோ சிவப்பு. விதி தெரியாதவர் கண்ணுக்கு அது பட்டை போட்ட துணி. தெரிந்தவருக்கு ஓராண்டு நாட்குறிப்பு. 2019 ஜனவரியில் இணைய ஏலத்தில் அது 7,550 யூரோவுக்கு விலைபோனது. அந்தத் தொகையை அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நிறத்தால் நாளைக் குறிக்கலாம் என்றால், சொல்லையே பின்ன முடியாதா? முடியும், மோர்ஸ் குறியீட்டில். அதில் புள்ளி ஓர் அலகு, கோடு மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் இடைவெளி ஒன்று, எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. தந்திக்காரர் இந்த அலகை நேரத்தால் அளந்தார். பின்னுகிறவர் வரிசையால் அளக்கிறார்: புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரு நிறம், இடைவெளிக்கு இன்னொரு நிறம். ஒரு வரிசை முடிந்தால்தான் அடுத்த வரிசை என்பதால், பின்னலும் தந்தியைப் போலவே வரிசை மாறாமல் பேசுகிறது. இந்தப் பொருத்தம் எனக்கு இன்றும் வியப்புதான்.

'அன்பு' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பின்னுவோம்: ஏ, என், பி, யூ. இடைவெளிகளோடு சேர்த்து 35 அலகு. ஆனால் ஓர் அலகுக்கு ஒரே வரிசை என்று வைத்தால் சிக்கல் வரும்: வரிசை முடியும்போது நூல் எதிர்க்கரையில் நிற்கும், அடுத்த நிறத்தின் நூலோ இந்தக் கரையில் கிடக்கும். அதனால் அலகுக்கு இரண்டு வரிசை வைப்பதே வசதி. 70 வரிசை ஆகும். 10 சென்டிமீட்டருக்கு 28 வரிசை விழும் நூலென்றால், அந்த ஒரு சொல்லுக்கே 25 சென்டிமீட்டர் போய்விடும். ஒன்றரை மீட்டர் மஃப்ளரில் இப்படி ஐந்து சொல்தான் அடங்கும். சுருங்கச் சொல்லியே ஆகவேண்டும்.

இன்னொரு பொறி உண்டு. மறுமுனையிலிருந்து படித்தால் ஏ என்பது என் ஆகிவிடும், பி என்பது வி ஆகும், யூ என்பது டி ஆகும். அன்பு அர்த்தமில்லாத நான்கு எழுத்தாகிவிடும்.

நூலில் சொல்லை ஒளிக்கும் இந்தக் கலை சிறையிலும் உயிரோடு இருந்தது. 1941-இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் மேஜர் அலெக்ஸிஸ் காஸ்டாக்லி, பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூலால் கிராஸ் ஸ்டிச் போட்டு ஓர் அலங்காரத் துணி தைத்தார். ஓரத்தில் ஓடிய புள்ளியும் கோடும் வெறும் அலங்காரம் என்றே காவலர்கள் நினைத்தார்கள். அவை மோர்ஸில் மன்னருக்கு ஒரு வாழ்த்தும் ஹிட்லருக்கு ஒரு வசையும் சொல்லின. முகாமில் அதைப் பார்வைக்கும் வைத்தார்கள்.

நீங்களும் பின்னிப் பாருங்கள். பிடித்தவர் பெயர் ஒன்றே முதல் முயற்சிக்குப் போதும். தொடங்கும் முனையில் மட்டும் வேறு நிறத்தில் அகலமாக ஒரு பட்டை போட மறக்காதீர்கள்.